ஆணியில்லாக் களவெட்டி

முகைதீன்பாவாவின் வாப்பா பழைய மரம் விற்றுப் பிழைத்தவர். விலை பேசாமல் சாமான் எடுக்கிற ஆள் மூன்று வகை என்று மகனுக்குச் சொல்லிவைத்துவிட்டு மவுத்தாகிப் போனார். ஒருவன் களவுக் காசோடு வந்தவன். மற்றவன் சாரம் கட்டிக்கொண்டு வந்த பொலிஸ்காரன். மூன்றாவது, வீட்டு ஆள். முதல் இரண்டு பேருக்கும் பற்றுத்துண்டு எழுதிக் கொடு, மூன்றாம் ஆளுக்குத் தேத்தண்ணி கொடு என்பது அவர் போட்ட சட்டம்.

சீதேவிப்பிள்ளை ஐந்து வருஷமாகக் காத்தான்குடியில் பாவாவின் மரக்காலைக்கு வந்துபோகிறாள். ஒரு நாளாவது விலை பேசியது கிடையாது. "நீங்க சொன்னாச் சரிதான் காக்கா" என்பாள், அண்ணனைக் கூப்பிடுகிற குரலில். எடுத்ததைச் சாக்கில் கட்டுவாள், போய்விடுவாள். இவள் மூன்றில் எந்த வகை என்று பாவாவுக்குப் பிடிபடவில்லை. அதனால் துண்டும் எழுதிக் கொடுத்தார், தேத்தண்ணியும் கொடுத்தார்.

சண்டை வந்து ஊரில் எல்லா வியாபாரமும் படுத்துவிட்டபோது பழைய மரம் மட்டும் எழும்பி உட்கார்ந்தது. ஷெல் விழுந்த வீட்டு நிலை, ஆள் போய்விட்ட வீட்டுக் கதவு, கரையில் கவிழ்ந்து உக்கிய தோணி, கூரை எரிந்து மிஞ்சிய தீராந்தி, எல்லாம் பாவாவின் வளவுக்கு வந்து சேர்ந்தன. தமிழ் வீட்டு யன்னலும் முஸ்லிம் வீட்டு யன்னலும் ஒன்றின் மேல் ஒன்று சண்டை பிடிக்காமல் படுத்துக் கிடக்கிற இடம் மாவட்டத்திலேயே இது ஒன்றுதான் என்று அவர் பெருமை பேசுவார். நல்ல மரத்தைக் கல்யாண வீட்டுக்காரருக்கு விற்பார். கெட்டதைப் பேக்கரி அடுப்புக்கு விற்பார். இரண்டிலும் சேராமல் மூலையில் கிடப்பதைச் சீதேவிப்பிள்ளை எடுப்பாள்.

எடுத்ததை அவள் சுவரில் மாட்டுகிற சாமானாக்குவாள். அதில் மயில் இருக்காது, யானை இருக்காது, சூரியன் உதிக்காது. துண்டு துண்டாக மரம் மட்டும் இருக்கும். பார்த்தால் ஏதோ ஞாபகம் வரும். என்ன ஞாபகம் என்று கேட்டால் வாய்க்கு வராது. புளியந்தீவில் வீடு எடுத்திருந்த வெளிநாட்டு நிவாரண அலுவலகத்து வெள்ளைக்காரர் அப்படி ஒன்றை எங்கேயோ பார்த்துவிட்டு, முன் மண்டபத்துச் சுவருக்குப் பெரிதாக ஒன்று வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஊர் வாவிக்குள் பாடுவதாகச் சொல்கிற மீன் அதில் இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார். மட்டக்களப்புக்கு வருகிற வெள்ளைக்காரர் ஒவ்வொருவருக்கும் அந்த மீன் வேண்டும்.

"மீன் வேணுமெண்டாச் சந்தைக்குப் போகச் சொல்லுங்க" என்றாள் சீதேவிப்பிள்ளை.

கல்லடியில் அவள் வாடகைக்கு இருந்த அறையில் கட்டிலுக்கே இடமில்லை. ஆகவே வேலை பாவாவின் பின்கொட்டிலில் நடந்தது. பாலர் பாடசாலையில் படிப்பித்து முடிந்ததும் வருவாள். கொட்டிற் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளிச்சம் போகும்வரை மரத்தோடு இருப்பாள். பாவா வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் போய் நிற்பார். காசு வராத இடத்தில் நிற்பது அவருடைய பழக்கம் அல்ல. ஏன் நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது.

தோணிப் பலகைகளைச் சேர்த்த சதுரத் தட்டு, ஓர் ஆள் உயரத்துக்கு. அதன் மேல் வளையம் வளையமாகத் துண்டுகள். வெளி வளையத்தில் பச்சையும் நீலமும் உரிந்த யன்னல் சட்டங்கள். அதற்குள்ளே கதவுத் துண்டுகள், ஏணிப் படிகள், தொட்டிற் கால்கள். உள்ளே போகப் போகத் துண்டுகள் சிறுத்துக்கொண்டு போயின. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்ததால் கொஞ்ச நேரம் பார்த்தால் தலை சுற்றியது.

"இது என்னகா புள்ள?"

"களவெட்டி காக்கா. மாடு விட்டு நெல்லுச் சூடு மிதிக்கிற களம். வெல்லாவெளி வயல் வட்டைக்குள்ள எங்கட அப்பாட களவெட்டி. சின்னதில வைக்கல்ல படுத்துக் கிடப்பன். மாடு சுத்தும், சுத்தும். நித்திர வந்தாலும் சுத்தும். கண்ண மூடினாலும் சுத்தும்."

"அப்ப மாடு எங்க?"

"மாடு இல்ல. சுத்துறதுதான் இரிக்கி."

பாவா நெல்லைச் சாக்கிற் கட்டிய பிறகே பார்த்தவர். களவெட்டியில் நிற்கும்போது சில சாமான்களைப் பேர் சொல்லக்கூடாதாம், வேறு பேரில்தான் கதைக்க வேண்டுமாம், பேரைக் கேட்டால் பூதம் வந்து நெல்லை அள்ளிப் போகுமாம் என்று அவள் சொன்னபோது சிரித்தார்.

"எங்கட கடைத்தெருவிலயும் அப்பிடித்தான். விலையப் பேர் சொல்லிக் கதைச்சா வருமான வரிக்காரன் வந்து அள்ளிப் போவான்."

அவளும் சிரித்தாள். அவளுடைய அப்பா தொண்ணூறாம் ஆண்டு அந்த வட்டைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதே வருஷம் பாவாவின் மச்சான் பள்ளிக்குத் தொழப் போய்த் திரும்பி வரவில்லை. இது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை. அதற்கும் வேறு பேர் யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

வேலை முடிகிற கிழமைதான் அந்த ஆள் வந்தான். மெலிந்த உடம்பு, முழங்கால்வரை காய்ந்த சேறு. பாவாவுக்கு ஸலாமும் இல்லை, வணக்கமும் இல்லை. நேரே கொட்டிலுக்குப் போய்ச் சிவப்புத் துணியில் கட்டிய ஒரு பொட்டலத்தைச் சீதேவிப்பிள்ளையின் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தான். பாரமான பொட்டலம் என்பதை அவளுடைய மணிக்கட்டு தாழ்ந்ததில் பாவா கண்டுகொண்டார். கை பார்த்து நிறை சொல்வது அவருக்குப் பழகிய தொழில்.

"ஆருகா அது?" ஆள் போன பிறகு கேட்டார்.

"தம்பி. வினாயகமூர்த்தி. மண்டூர்த் துறையால வந்தவன்."

"என்ன செய்றான்?"

"எருமை பாக்கிறான்."

வாவிக்கு அங்காலே படுவான்கரை இயக்கப் பெடியளின் பிடியில் இருந்த காலம் அது. அங்கே இருக்கிற தம்பிமாரெல்லாம் எருமைதான் பார்த்தார்கள். இஞ்சாலே இருக்கிற அக்காமாரெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். பாவா மேலே கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது.

ஆனால் அன்றைக்குச் சீதேவிப்பிள்ளை உளியையும் கொட்டாப்புளியையும் இரவல் வாங்கிக்கொண்டு கொட்டிற் கதவைச் சாத்தினாள். ஒருநாளும் சாத்தாத கதவு.

"என்னகா, சாத்துறாய்?"

"கொஞ்ச நேரந்தான் காக்கா. இதப் பாக்கப்படாது."

அரை மணித்தியாலம் மரத்தைக் குடைகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது வளையங்களின் நடுவில், முன்பு வெறுமையாக இருந்த இடத்தில், ஓர் உரலின் அடிக்கட்டை தட்டையாக, ரொட்டி அளவில் பதிந்திருந்தது. பொட்டலத்தைக் காணவில்லை.

"அந்தப் பொட்டலத்துக்குள்ள என்ன எண்டு கேட்டீங்களா?" என்று அன்று சோறு போடும்போது மனைவி கைறுன்னிஸா கேட்டாள்.

"என்னத்துக்குக் கேக்கணும்?"

"விலை கேக்காத ஆள்ட்ட நீங்களும் ஒண்டும் கேக்காம இரிக்கிறீங்க. நல்ல யாவாரம்."

பாவா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெகுநேரமாகப் பிசைந்ததைப் பார்த்துக் கைறுன்னிஸா இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றினாள்.

சாமானைப் புளியந்தீவுக்குக் கொண்டுபோகிற நாள் வந்தது. கொண்டுபோக வேறு ஆள் இல்லை. லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பாவாவுடையது, சென்றி தாண்டுகிற பாஸ் பாவாவின் பேரில், சிங்களமும் பாவாவுக்குத்தான் தெரியும். மின்னேரியாப் பக்கம் பழைய கதவு வாங்கித் திரிந்த காலத்தில், விலை குறைப்பதற்காகவே படித்த சிங்களம் அது. களவெட்டியை மெஷினின் பின் மரப்பெட்டியில், உயர அடுக்கின வைக்கோலுக்கு மேலே மல்லாக்கக் கிடத்திக் கயிற்றால் கட்டினார்கள். அவள் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஆணி கீணி கழண்டு கிடந்தாக் காலில குத்தும், பாத்து இரி."

"இதில ஒரு ஆணியும் இல்ல காக்கா. எல்லாம் மரமுளை."

அவருக்கு அது புதிது. "ஒண்டுமில்லையா?"

"களவெட்டியில ஆணி கிடக்கப்படாது."

இந்தப் பேச்சைப் பாவா சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வியாபாரி கையில் கிடைக்கிற நல்ல செய்தி சும்மா கிடக்காது. கல்லடிப் பாலத்து ஆமிச் சென்றியில் இறங்கினபோது, பெட்டியை எட்டிப் பார்த்த, அங்கே பொறுப்பாக நின்ற சாஜனுக்கு அதையே சிங்களத்தில் கொஞ்சம் மினுக்கிக் கொடுத்தார்.

"எல்லாம் மரம் மாத்தயா. தனி மரம். இதுக்குள்ள குண்டூசி அளவு இரும்பு கிடையாது. வேணுமெண்டாப் பாருங்க."

ஆணி இல்லை என்றுதான் அவள் சொன்னாள். இரும்பு இல்லை என்று சொன்னது பாவா. இரண்டுக்கும் உள்ள தூரம், முதிரை மரம் என்று சொல்லி வேம்பு விற்கிற தூரம்தான். சாதாரண நாளில் யாருக்கும் தெரியாது.

சாஜன் தலையை ஆட்டினார். ஒரு சிப்பாய் டிடெக்டரைக் கொண்டுவந்தான். சைக்கிள் சக்கரம்போல வட்டம், அதற்கு ஒரு நீளப் பிடி. வெளி வளையத்தின் மேலே அதை மெல்ல நகர்த்தினான். சத்தமில்லை. பாவா சாஜனைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோலச் சிரித்தார். இரண்டாம் வளையம், சத்தமில்லை. மூன்றாவது, சத்தமில்லை. சிப்பாய் கையை நீட்டி நடுவுக்குக் கொண்டுபோனான்.

அது ஊளையிட்டது.

சிப்பாய் கையை எடுத்தான். ஊளை நின்றது. திரும்ப வைத்தான். திரும்பவும் ஊளையிட்டது. பிறகு அவன் டிடெக்டரையும் பிடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்ததைத்தான் பாவா கண்டார். மண்மூட்டைக்குப் பின்னால் துவக்குகள் நிமிர்ந்தன. வரிசையில் நின்ற பஸ்சில் இருந்து இறங்கியிருந்த சனம், யாரும் சொல்லாமலே, தார் ரோட்டில் குப்புறப் படுத்தது. ஒரு கிழவரின் குடை காற்றுக்கு உருண்டு போனது. அதை எடுக்க யாரும் எழும்பவில்லை. லாண்ட்மாஸ்டர் மட்டும் தன் பாட்டில் டக் டக் என்று அடித்துக்கொண்டு நின்றது.

"கையைத் தூக்கு."

பாவாவின் கை அதற்கு முன்பே மேலே போயிருந்தது. சாரத்தின் கட்டுத் தளர்ந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தார். சாரம் அவிழ்ந்து விழுந்தால் குனிவதா, குனிந்தால் சுடுவார்களா என்று ஒரு பக்க மூளை கணக்குப் பார்த்தது. மற்றப் பக்கம் சிவப்புத் துணிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சீதேவிப்பிள்ளையை இறக்கிப் பனங்குத்தித் தடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு துவக்கு.

"இரும்பு இல்லை எண்டு சொன்னாய்" என்றார் சாஜன். வாட்டசாட்டமான ஆள், காதோரம் நரை. கத்தவில்லை. கத்தியிருந்தால் பாவாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கத்துகிறவரோடு விலை பேசலாம். "அவளைக் கேள். உள்ளுக்கு என்ன?"

பாவா அவள் பக்கம் திரும்பினார். "புள்ள, உள்ளுக்க என்னகா இரிக்கி?"

"இரும்பு" என்றாள். "பயப்பட ஒண்டுமில்ல காக்கா."

"என்ன இரும்பு?"

"அதச் சொல்லப்படாது."

பாவா கண்ணை மூடித் திறந்தார். "சொல்லப்படாதெண்டா? துவக்கு நிக்கிது புள்ள."

"களவெட்டிக்குப் பக்கத்தில நிண்டு அதச் சொல்லப்படாது காக்கா. திறக்கவும் படாது. அதுக்குத்தான் மூடி வச்ச."

"என்ன சொல்கிறாள்?" என்றார் சாஜன்.

நாற்பது வருஷ வியாபாரத்தில் பாவா எத்தனையோ பேச்சை மொழிபெயர்த்திருக்கிறார். வாங்குகிறவன் ஏசினதை விற்கிறவனுக்குப் புகழ்ச்சியாக்கி, விற்கிறவன் ஏசினதை வாங்குகிறவனுக்கு ஸலாமாக்கி. இந்தச் சாமானை எப்படி மினுக்குவது என்று தெரியவில்லை.

"பழைய இரும்பு எண்டு சொல்றா மாத்தயா. ஏதோ... நேத்திக்கடன் மாதிரி."

"அப்படியெண்டால் திற."

"நானா?"

"நீதான் இரும்பு இல்லை எண்டு சொன்னவன்."

குண்டு எடுக்கிற ஆட்கள் தூரத்து முகாமில் இருந்தார்கள். அவர்கள் வந்துசேரும்வரை பாலத்தை மூடிவைக்கச் சாஜனுக்கு மனமில்லை. வெடித்தால் யாருக்கு வெடிக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்துவிட்டார். கணக்காகப் பார்த்தால் பாவாவும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்.

உளியும் கொட்டாப்புளியும் ஆசனத்துக்குக் கீழே இருந்தன. எடுத்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார். அது நின்றதும் வாவித் தண்ணி பாலத்துத் தூணில் அடிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் அந்தப் பாலத்தால் போய் வந்தவர், அந்தச் சத்தத்தைக் கேட்டது அன்றுதான்.

நாலு எட்டு வைத்தால் பெட்டி. நின்ற இடத்திலேயே கலிமா சொல்லத் தொடங்கினார், பாதியில் மறந்தது, திரும்ப முதலில் இருந்து தொடங்கினார். விலை பேசாதவள். ஐந்து வருஷம் ஒரு தரமாவது விலை பேசாதவள். வாப்பா சொன்ன முதலாம் வகையும் இல்லாமல் இரண்டாம் வகையும் இல்லாமல், வாப்பாவுக்கே தெரியாத நாலாம் வகையாக இருந்தால்? எருமை பார்க்கிற தம்பி இரண்டு கையாலும் கொடுத்த பொட்டலம். மணிக்கட்டுத் தாழ்ந்த பாரம். சாத்தின கதவு. வெள்ளைக்காரர் மண்டபத்துக்கா, பாலத்துக்கா? பாவாவின் லாண்ட்மாஸ்டரில், பாவாவின் பாஸில், பாவாவின் சிங்களத்தில்.

அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காக்கா" என்று கூப்பிட்டாள். "செருப்பைக் கழட்டிப் போட்டுக் கிட்டப் போங்க."

"என்ன சொன்னாள்?" சாஜனின் குரல் மண்மூட்டைக்குப் பின்னால் இருந்து வந்தது.

"செருப்பைக் கழட்டட்டாம் மாத்தயா."

"செருப்பையா?" மூட்டைக்கு மேலே தலை எட்டியது. "ஏன்?"

"எனக்குத் தெரியா மாத்தயா."

அது அன்றைக்கு அவர் சொன்ன முதலாவது முழு உண்மை. செருப்பைக் கழற்றினார். தார் சுட்டது. சுட்டது நல்லதாக இருந்தது. கால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டிக்குள் குனிந்தார். பச்சை யன்னல் அவருடைய ஒழுங்கையில் இருந்த ஹவ்வா உம்மாவின் வீட்டு யன்னல், கண்டவுடன் தெரிந்தது. தொட்டிற் கால் எந்த வீட்டுடையது என்று தெரியவில்லை. அந்தத் தொட்டிலில் கிடந்தது இப்போது எத்தனையாம் வகுப்புப் படிக்கும், படிக்கிறதா என்று ஒரு நினைவு வந்து போனது. நடுவில் உரற்கட்டை. அதைச் சுற்றி நாலு மரமுளை. உளியை முதலாம் முளையில் வைத்தார். உளி நிற்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்தால் கொட்டாப்புளியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். பல்லைக் கடித்துத் தட்டினார்.

முளை கழன்றது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது. மூன்றாவது இறுகியிருந்தது, இரண்டு தரம், மூன்று தரம் தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் படுத்துக் கிடந்த சனத்தில் ஒரு பெண் 'ஆ' என்றாள், அவருக்குப் பதிலாக. நாலாவது முளை தானாகவே கையோடு வந்தது. கட்டையை நகத்தால் நெம்பித் தூக்கினார்.

சிவப்புத் துணி.

கண்ணை மூடிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். விரலில் குளிராக ஏதோ பட்டது, பிறகு பொடியாக ஏதோ. கண்ணைத் திறந்தபோது, துருப்பிடித்த தாக்கத்தி ஒன்று கிடந்தது, கதிர் அறுக்கிற கத்தி, பிடி இல்லாமல், பாதி முறிந்து. அதோடு ஒரு சங்குத் துண்டு, காய்ந்த வேப்பிலை, ஒரு பிடி மண். வேறொன்றும் இல்லை. துணியை விரித்துக் காட்டினார். கையால் வா என்றார்.

சாஜன் வந்தார். மெல்ல வந்தார், துவக்கை முன்னால் பிடித்தபடி. எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார்.

அந்த முகத்தைப் பாவா தன் தொழிலில் அடிக்கடி பார்த்ததில்லை. ஒருதரம், தன்னுடைய தகப்பன் வீட்டு நிலையை வேறொரு ஊர் மரக்காலையில் கண்ட ஆளின் முகம் அப்படி இருந்தது. சாஜன் வளையங்களைப் பார்த்தார். வெளியில் இருந்து உள்ளே, உள்ளே இருந்து வெளியே. அவருடைய கண் மாடுபோலச் சுற்றியது.

"கமத்த" என்றார் மூச்சோடு.

பாவாவுக்கு அந்தச் சிங்களச் சொல் மின்னேரியாவில் இருந்து தெரியும். "ஓம் மாத்தயா. களவெட்டி. அவட தகப்பன்ட."

"நடுவில் புதைக்கிறதை ஏன் திறந்தாய்?"

"நீங்கதானே மாத்தயா..."

"மூடு." இரண்டு எட்டு பின்னால் போனார். முதுகைக் காட்டாமல் போனார். "மூடு, மூடு. கெதியாக மூடு." கிட்ட வரப் பார்த்த சிப்பாயைக் கையால் தடுத்தார். "ஒருவரும் தொட வேண்டாம்." பிறகு, பாவாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்கட அப்பா இந்தக் கிழமைதான் சூடு மிதிக்கிறார். அவளைக் கேள். திறந்த பிறகு என்ன செய்ய வேண்டும் எண்டு கேள்."

பயம் பக்கம் மாறியிருந்தது. ஆனால் பாவாவிடம் இருந்த பங்கு குறையவில்லை. பயந்த மனுஷன் கையில் துவக்கு இருப்பது, பயப்படாத மனுஷன் கையில் இருப்பதைவிட மோசம்.

"புள்ள, திறந்ததுக்கு இப்ப என்ன செய்யிற எண்டு கேக்கிறார்."

சீதேவிப்பிள்ளை சாஜனைப் பார்த்தாள், அவருடைய கையைப் பார்த்தாள்.

"திறக்கச் சொன்ன ஆள் மூணு தரம் சுத்தி வரணும். வாய் திறக்கப்படாது. காலில ஒண்டும் இரிக்கப்படாது." நிறுத்தினாள். "கையில இரும்பும் இரிக்கப்படாது."

முதல் மூன்றையும் பாவா சொல்லிவிட்டார். நாலாவதில் நின்றார். நடு ரோட்டில், முப்பது துவக்கு பார்த்துக்கொண்டிருக்க, ஓர் ஆமிக்காரனிடம் துவக்கைக் கீழே வை என்று காத்தான்குடி மரக்காலைக்காரன் சொல்வதா?

"சொல்லுங்க காக்கா" என்றாள் அவள்.

சொன்னார். சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சாஜன் துவக்கைப் பக்கத்துச் சிப்பாயிடம் கொடுத்தார். பீப்பாவில் உட்கார்ந்து சப்பாத்தை அவிழ்த்தார். வலது காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. இரண்டு காலுறையையும் கழற்றினார். லாண்ட்மாஸ்டர் பெட்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார், தார் சுட்ட சூட்டில் குதியைத் தூக்கித் தூக்கி. படுத்திருந்த சனம் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிப்பாய்களும் சிரிக்கவில்லை. மூன்றாம் சுற்று முடியும்போது பாவா நாலாம் முளையை அடித்து முடித்திருந்தார்.

"போ" என்றார் சாஜன். "இது என் சென்றியில் ஒரு நிமிஷமும் நிற்க வேண்டாம்."

லாண்ட்மாஸ்டர் பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்தது. யாராவது பின்னால் கூப்பிடுவார்கள் என்று பாவாவின் முதுகு காது வைத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு ஜீப் வந்தது. அது வேறு பக்கம் திரும்பியதும்தான் மூச்சு விட்டார்.

"மூணு தரம் சுத்துறது உள்ளதா புள்ள?"

"உள்ளதுதான். அப்பா சுத்துவார்."

"துவக்கு?"

"அது எனக்குப் பயமா இருந்திச்சு காக்கா. துவக்கில்லாம அவனை ஒருக்காப் பாக்கணும்போல இருந்திச்சு."

பாவா சிரிக்கப் பார்த்தார், சத்தம் வேறு மாதிரி வந்தது. "பொட்டலத்துக்குள்ள தாக்கத்திதான் எண்டு முதல்லயே என்னட்டச் சொல்லியிரிக்கலாமே."

"தம்பி அப்பாட களவெட்டியத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்தவன். அதப் பேர் சொன்னாப் பலிக்காது." பிறகு மெல்லச் சொன்னாள்: "நீங்க கேக்கவும் இல்லையே. கேக்காம நெனச்சீங்க. உளி பிடிச்ச கை எப்பிடி நடுங்கிச்சு எண்டு பாத்துக்கொண்டுதானே நிண்டன்."

பாவா காதில் விழாததுபோலக் கியரை மாற்றினார். மாற்றத் தேவை ஒன்றும் இருக்கவில்லை. பாலம் நேர்.

வெள்ளைக்காரர் களவெட்டியைச் சுவரில் மாட்டி, தள்ளி நின்று பார்த்து, மிக நன்றாக இருக்கிறது என்றார். மீன் எங்கே என்று கேட்கவில்லை. நடுக்கட்டையில் உளி பட்ட காயம் தெரிந்தது. அது அழகுக்குச் செய்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் சீதேவிப்பிள்ளை மரக்காலைக்கு வந்தாள். மூலைக் குவியலைக் கிளறி ஒரு தோணிப் பலகையை இழுத்தெடுத்தாள். பாவா தேத்தண்ணிக்கு உள்ளே குரல் கொடுத்தார்.

"இது என்ன விலை காக்கா?"

பாவாவுக்கு முதலில் விளங்கவில்லை. வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார்.

"அவ்வளவா?" பலகையைப் புரட்டினாள். "இஞ்ச பாருங்க, உக்கு விழுந்திரிக்கி. ஓரம் வெடிச்சுப் போச்சு. ஏறாவூரில இதவிடக் கெட்டி மரம் இதில அரைவாசிக்குத் தாறாங்களாம்."

ஒரு குறையும் பொய்யில்லை. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண்போல அழகாகப் பேசினாள். குரலில் கோபம் இல்லை. கடைக்கு வருகிற எல்லாரும் பேசுகிற குரல்தான். பாவா எதிர் விலை சொல்லாமல் அவள் கேட்டதற்கே தலையாட்டினார். அவள் எண்ணிக் கொடுத்துவிட்டு, பலகையைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனாள். தேத்தண்ணிக்கு நிற்கவில்லை, துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கைறுன்னிஸா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாள்.

"இப்பதான் அவ ஒழுங்கா யாவாரம் படிச்சிரிக்கா" என்றாள். "இது ஆருக்கு இனி?"

பாவா கோப்பையை வாங்கினார். வாப்பா சொன்ன மூன்றில் அவள் இத்தனை வருஷமும் எந்த வகையாக இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் பிடிபட்டது. தேத்தண்ணி ஆறும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.